துணி கட்டிய மூக்கு

காந்தி மார்க்கெட்டில் வெங்காய மண்டியில் ஏலம் கூறுவது என் பிழைப்பு. நாலு பேர் பேசுவதைக் கேட்டுக்கொண்டே நானும் பேசக் கற்றுக்கொண்டவன். அதனால் என் மனைவிக்கு அடிக்கடி மூக்கில் ரத்தம் வர ஆரம்பித்தபோது வைத்தியத்துக்குப் பஞ்சமே இல்லை.

மூட்டை தூக்குகிறவர், "வெங்காயத்த நசுக்கி மோந்து பாக்கச் சொல்லுங்கண்ணே" என்றார். அரியமங்கலத்திலிருந்து சரக்கெடுக்க வரும் ஓட்டல்காரர், "எல்லாம் சூடுங்க. உச்சந்தலையில பச்சத்தண்ணி ஊத்துங்க" என்றார். எடை போடுகிறவர் மட்டும், "நாள் பூரா உன் பேச்சக் கேட்டா ரத்தம் வராம என்னய்யா வரும்?" என்று கேட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார்.

எல்லாம் செய்து பார்த்தோம். வெந்தயம், இளநீர், எண்ணெய்க் குளியல். ரத்தம் வந்தால் அண்ணாந்து படுக்க வைப்பேன். வாய்க்குள் இறங்கியதை விழுங்கிவிட்டு முகத்தைச் சுளித்துக்கொள்வாள்.

வலி ஒன்றும் இல்லை. அவளுக்குப் பெரிய கவலை சனிக்கிழமைதான்.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருக் கோடியில் சின்னதாக ஒரு பெருமாள் கோயில் இருக்கிறது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சனிக்கிழமை தோறும் அந்தப் பெருமாளுக்குத் துளசியும் சம்பங்கியும் சேர்த்து மாலை கட்டிக் கொடுப்பது இவள்தான். சாமிக்குப் போகிற பூவை மோந்து பார்க்கக் கூடாது என்று எல்லோரும் சொல்வார்கள். இவள் பிறந்த வீட்டில் அதற்கு ஒரு படி மேலே. மூச்சுக்காற்றுகூடப் பூவில் படக் கூடாதென்று மூக்கையும் வாயையும் சேர்த்துத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் பூக்கட்டும் நாரையே தொடுவார்கள்.

ஒரு சனிக்கிழமை மாலையைக் கட்டி முடித்துத் துணியை அவிழ்த்தாள். சொட்டென்று ஒரு துளி, வெள்ளைச் சம்பங்கி மேல். அந்த மாலையைச் செம்பருத்திச் செடியின் தூரில் போட்டுவிட்டாள். அடுத்த வாரம் துணியே நனைந்துவிட்டது. அதற்கடுத்த வாரம் நான் வாங்கி வந்த பூவைப் பையைவிட்டு வெளியே எடுக்கவே இல்லை.

"ஏன்?"

"சாமிக்கு எங்கிட்டேருந்து வேணாம் போலிருக்குங்க."

அழுதிருந்தால் ஏதாவது சொல்லித் தேற்றியிருப்பேன். துலக்கிய பாத்திரத்தையே திரும்பத் துலக்கிக்கொண்டிருந்தாள்.

தில்லைநகரில் மூக்கு, காது பார்க்கிற டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனேன். எங்கள் மகள் வயதுதான் இருக்கும். விளக்கை நெற்றியில் கட்டிக்கொண்டு உள்ளே பார்த்தார்.

"எப்பவும் வலது பக்கம்தான் வருதாம்மா?"

"ஆமாங்க."

"எப்ப வரும்?"

அவள் என்னைப் பார்த்தாள். நான்தான், "சாமிக்கு மாலை கட்டும்போது வரும்ங்க. மூக்குல துணி கட்டியிருப்பா" என்றேன்.

டாக்டரம்மா தலை நிமிர்ந்தார். "எப்படிக் கட்டுவீங்க? கட்டிக் காட்டுங்க."

அவள் கைக்குட்டையை எடுத்து வழக்கம்போல் ஒரு இழு இழுத்து முடிச்சுப் போட்டாள். டாக்டரம்மா துணிக்கு மேலேயே வலப்பக்க மூக்குத்தியை மெதுவாகத் தொட்டார். இவள் 'ஸ்' என்றாள்.

"இதாம்மா விஷயம். மூக்குத்தித் திருகு உள்ள நடுச்சுவர்ல உரசி ஏற்கெனவே புண்ணாயிருக்கு. நீங்க துணிய இறுக்கி இறுக்கி அதுலயே குத்த விட்டிருக்கீங்க. ரத்தக்குழாய் மேலாப்புல தெரியுது. அந்த இடத்துல மருந்தால லேசா சூடு வெச்சுடலாம்."

"சூட்டாலதான் வடியுதுன்னு ஊரே சொல்லுது. நீங்க அதுக்கு மேல சூடு வெக்கிறேங்கிறீங்களே" என்றாள். டாக்டரம்மா சிரித்துவிட்டார்.

மூக்குத்தியைக் கழற்றச் சொன்னார். திருகு இறுகிக் கிடந்தது. நான் கழற்றினேன். மரத்துப்போகிற மருந்தில் நனைத்த பஞ்சை வைத்து, கொஞ்ச நேரம் காக்க வைத்தார். பிறகு முனையில் மருந்து தடவிய குச்சி ஒன்றை உள்ளே விட்டு ஒற்றினார். அவ்வளவுதான். அவள் என் கையைப் பிடித்த பிடியில் என் விரல்தான் மரத்துப்போனது. கண்ணில் நீர் கோத்துக்கொண்டு அடுக்காகத் தும்மல் வந்தது.

"வாயத் திறந்து தும்முங்கம்மா. மூக்கச் சிந்தாதீங்க, நோண்டாதீங்க. களிம்பு போடுங்க. ரத்தம் திரும்ப வந்தா அண்ணாந்து படுக்காதீங்க. முன்னால குனிஞ்சு, மூக்கோட மெத்துன்னு இருக்கிற எடத்த அழுத்திப் பிடிங்க. மூக்குத்தி கொஞ்ச நாளைக்கு வேணாம். துணி எப்பவுமே வேணாம்."

மூக்குத்தியைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு பஸ் ஏறினாள். பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மா, "ஏம்மா, மூக்கு மூளியா இருக்கே?" என்று கேட்டபோதுகூட, "புண்ணுங்க" என்றதோடு சரி. வீட்டுக்கு வந்ததும்தான் சொன்னாள்: "மூக்குத்தி போனாப் போகுது. துணி இல்லாம எப்படிங்க கட்டுறது?"

மறுநாள் மண்டிக்குப் போகிற வழியில் அந்தக் கோயில் பட்டரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் சொன்னதை வீடு திரும்பும்வரை பொறுத்து வைத்திருக்க முடியாமல் மண்டியிலிருந்தே போன் போட்டுச் சொன்னேன். அவள் நம்பவில்லை.

"நீங்க ஏலத்துல ஏத்திப் பேசுற ஆளு. அவரு வாயால சொல்லட்டும்."

சாயங்காலம் அவளே போனாள், நான் பின்னால். பட்டர் துளசித் தட்டைக் கீழே வைத்தார்.

"மூச்சு விடாம மாலை கட்டச் சொல்லி எந்தப் பெருமாள்மா கேட்டார்? நீங்க பூவை மூக்குகிட்ட கொண்டு போகாதேங்கோ. வாசனை தானா வந்தா வரட்டும். புண்ணு ஆறட்டும், அப்புறம் வாங்கோ. இத்தனை வாரமா ஏன் காணோம்னு நானே கேக்கணும்னு இருந்தேன்."

"கேட்டிருக்கலாமே சாமி" என்றாள்.

புண் ஆறிவிட்டதென்று டாக்டரம்மா பார்த்துச் சொன்ன வாரம், சனிக்கிழமை காலையில் உட்கார்ந்தாள். முகம் வெறுமையாக இருந்தது, துணியும் இல்லை, மூக்குத்தியும் இல்லை. சம்பங்கிக் கூடையைக் கை எட்டும் தூரத்தில் தள்ளி வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு கண்ணி போட்டதும் புறங்கையால் மூக்கின் கீழ் தொட்டுப் பார்த்தாள். பிறகு எப்போதாவதுதான் தொட்டாள். பாதி மாலைக்கு அப்புறம் தொடவே இல்லை. நான் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படியிலேயே நின்றேன்.

மாலை முடிந்தது. இரண்டு கையாலும் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, பூப் பூவாகப் பார்த்தாள்.

"வெள்ளையா இருக்குல்ல?"

"வெள்ளையா இருக்கு."

"அப்ப சட்டையப் போடுங்க. நட சாத்துறதுக்குள்ள போவணும்."