குறுக்கு வழி சொன்ன பெட்டி

என் மகள் அப்போது இரண்டாம் வகுப்பு. இரண்டாயிரத்துப் பதினொன்று, பங்குனி மாதம். சிதம்பரத்தில் தாய்வீட்டில் இருந்த என் மனைவியிடம் அவளைக் கடலூரிலிருந்து அழைத்துப் போனேன். கார் என் மைத்துனனுடையது, ஓட்டியதும் அவன்தான். அந்தப் பயணத்தைப் பற்றி இன்றும் என்னால் நிதானமாகப் பேச முடியவில்லை.

மைத்துனன் சென்னையில் வேலை பார்ப்பவன். புதுக் காரின் முன்கண்ணாடியில் வழி சொல்லும் சிறு பெட்டி ஒன்றை ஒட்டியிருந்தான். நான் மடியில் மாவட்ட வரைபடத்தை விரித்ததுமே சிரித்தான்.

"மாமா, அதுல வடை மடிச்சுக் குடுக்கலாம். இது வானத்துலேர்ந்து பாக்குது."

"பாக்கட்டும் மச்சான். நீ சிப்காட் தாண்டி மெயின் ரோட்டுலயே போ."

பாதி வழியில் பாலத்து வேலை. வண்டிகள் வரிசையாக நின்றன. பெட்டி ஆங்கிலத்தில் வலப்பக்கம் திரும்பச் சொன்னது, அவனும் திருப்பிவிட்டான். வரைபடத்தில் அது மெல்லிய கோடு. பக்கத்தில் சிவப்பு மையில் 'உளுந்து' என்று நானே எழுதியிருந்தேன். வேலைக்காக அந்த ஊர்களில் பைக்கில் அலைந்தவன் நான். அறுவடைக் காலத்தில் உளுந்தைச் செடியோடு பிடுங்கித் தார்ச்சாலையில் பரப்பிவிடுவார்கள். போகிற வண்டிகளின் சக்கரம் காயை உடைத்துக் கொடுக்கும். பஸ், லாரிக்கு ஒன்றும் ஆகாது. தாழ்ந்த காருக்கு அடியில் காய்ந்த கொடி சுற்றிக்கொண்டு, சூட்டில் பற்றிக்கொள்ளும்.

"திருப்பு மச்சான். இது ரோடு இல்ல இப்போ, களம்."

"அவுங்களே வா வான்னு கைய காட்றாங்க மாமா. நாமளும் கொஞ்சம் மிதிச்சுக் குடுப்போம்."

சொல்லச் சொல்லக் கேட்காமல் ஏற்றினான். முழங்கால் உயரத்துக்குச் செடி. அடியில் சரசரவென்று இழுபட்டது. கொஞ்ச தூரத்திலேயே கருகல் வாடை வந்தது. ஓரத்தில் நின்ற பெண்கள் கத்திக்கொண்டு ஓடி வந்தார்கள்.

"யோவ், வண்டிய நிறுத்துய்யா. அடியில புகையுது."

நிறுத்தினான். முன் சக்கரத்தருகே நெருப்பு நாக்கு தெரிந்தது. அவன் கண்ணாடியிலிருந்து அந்தப் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு இறங்கி ஓடினான். பெட்டியை. பின்சீட்டில் என் மகள் கதவுப் பிடியை இழுத்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் திறந்துவிடக் கூடாதென்று போடும் பூட்டு, உள்ளிருந்து திறக்காது. நான் இறங்கிச் சுற்றி ஓடி வெளியிலிருந்து திறந்து அவளைத் தூக்கினேன். அவள் என் சட்டைக் காலரைப் பிடித்த பிடியில் பொத்தான் தெறித்தது.

பெண்கள் மண்ணை வாரி இறைத்தார்கள், வாய்க்கால் தண்ணீரைக் குடத்தில் கொண்டுவந்து ஊற்றினார்கள். நெருப்பு அணைந்தது. காருக்குப் பெரிய சேதமில்லை. அவன் கையில் இருந்த பெட்டி இன்னும் நேராகப் போகச் சொல்லிக்கொண்டிருந்தது.

"அது சொன்னா கெணத்துலயும் எறக்குவியா?" என்று ஒருத்தி கேட்டாள். மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

காகித வரைபடம் எல்லாம் அறிந்தது என்று நான் சொல்லவில்லை. அச்சடித்தவனுக்கும் உளுந்து தெரியாது. ஆனால் காகிதத்தைப் பார்க்கிறவன் தலையை நிமிர்த்திச் சாலையையும் பார்ப்பான், வண்டியை நிறுத்தி ஆளிடம் கேட்பான். இந்தப் பெட்டி வந்ததும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மனிதனின் பேச்சுக்கே மதிப்பில்லாமல் போய்விட்டது. என் கோபம் அதன் மேல்தான்.

சிதம்பரம் போய்ச் சேர்ந்ததும் நடந்ததை அவன் அக்காவிடம் ஒரு வேடிக்கைக் கதையாகச் சொன்னான். மகள் சாப்பிடவில்லை. சாயங்காலம் சாவியைச் சுழற்றிக்கொண்டு வந்தான்.

"வா பாப்பா, தேரடி வரைக்கும் ஒரு ரவுண்டு போலாம்."

அவள் என் காலுக்குப் பின்னால் ஒளிந்தாள்.

"ஒன்னும் ஆவல இல்ல? அப்பாவும் பொண்ணும் இன்னும் பயந்துக்கிட்டு."

"சாவிய பாக்கெட்டுல போடு. எம் பொண்ணு இனிமே உன் வண்டியில ஏற மாட்டா."

"மெதுவா பேசுங்க, தெருவே கேக்குது" என்றாள் மனைவி.

கேட்கட்டும் என்று இன்னொரு முறை, இன்னும் உரக்கச் சொன்னேன்.