அமுக்கராப் பொட்டலமும் மத்தியான பஸ்ஸும்

நாட்டு மருந்துக் கடையில் மருந்து விற்பது சுலபம். அதை எதில் கலந்து சாப்பிடுவது என்று புரியவைப்பதற்குள்தான் உயிர் போகும். அடுத்தவர் உடம்புக்கு யோசனை சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்ட அனுபவம் உங்களுக்கும் இருக்குமே! 1950-களின் கடைசியில், விழுப்புரத்தில் என் கடையில் நான் வாங்கிக் கட்டிக்கொண்டது இது.

பாலில் என்றால் பாலில்

பக்கத்துக் கெடார் கிராமத்திலிருந்து ஒரு விவசாயி வந்தார். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கி முடித்ததிலிருந்து கைகால் அசதி, சரியான தூக்கமும் இல்லை என்றார். அசதிக்கும் தூக்கத்துக்கும் கேட்கிற அமுக்கராக் கிழங்குச் சூரணம் கொடுத்து, "படுக்கப் போறப்ப பால்ல கலந்து குடிங்க" என்றேன். அடுத்த சந்தைக்குக் கண் சிவக்க வந்து நின்றார். இருந்த தூக்கமும் போய்விட்டதாம். எதில் கலந்தீர்கள் என்றேன். காபியில்.

"அதுலயும் பால்தானேங்க ஊத்தறாங்க? வெறும் பால் குடிக்க நான் இன்னா கொழந்தயா?"

காபி கூடாது

அன்றிலிருந்து, காபியைத் தொடக்கூடாது என்று சொல்லித்தான் பொட்டலமே கட்டினேன். அந்த நேரம் பார்த்து மாணிக்கம் வந்தார். திண்டிவனம் பஸ் டிரைவர். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணைச் சுழற்றுகிறது; இன்னொரு தடவை தூங்கினால் வேலை போய்விடும் என்று பஸ் முதலாளி சொல்லிவிட்டார்; பிள்ளைகுட்டிக்காரன், சுறுசுறுப்புக்கு ஏதாவது கொடு என்றார். அதே சூரணம், அதே உத்தரவு. காபி கிளப் ஒன்று விடாமல் ஏறி இறங்கிக் குடிக்கிற மனுஷர், ஒரேயடியாக நிறுத்திவிட்டார்.

மறுநாள் அவருக்குத் தலை பிளக்கிற வலி, இமையைத் தூக்க முடியவில்லை. ஜனங்கள் உயிரோடு விளையாடக்கூடாது என்று, விக்கிரவாண்டி தாண்டி வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஸ்டீயரிங் மேலேயே சாய்ந்துவிட்டார். சேதி கொண்டுவந்தவர் கண்டக்டர்.

"வண்டி ஸ்டார்ட் ஆவுதுய்யா. டிரைவர்தான் ஆவமாட்டேன்றாரு."

பஸ் முதலாளி வந்தார்

சாயங்காலம் பஸ் முதலாளியே காரில் வந்து இறங்கினார். பின்னால் மாணிக்கம், குனிந்த தலை நிமிராமல். என் வாயால் ஒரு குடும்பத்தின் சோறு போகிறதே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"அவர் மேல தப்பில்லீங்க. காபிய நிறுத்தச் சொன்னது நான்தான். நிறுத்தினதாலதான் அந்தத் தலைவலியும் தூக்கமும். சூரணம் ஒண்ணும் பண்ணல" என்று மூச்சுவிடாமல் சொன்னேன். முதலாளி காதில் எதுவும் ஏறவில்லை. கட்டி வைத்திருந்த சூரணப் பொட்டலம் ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"பஸ்ஸு வாங்கின நாளா எனக்குத் தூக்கமே இல்ல. அவன் காபி குடிச்சிட்டு வண்டிய ஓட்டட்டும். இத எனக்குக் கட்டு."

இப்போதெல்லாம் யார் அசதி என்று வந்து நின்றாலும், டப்பாவைத் திறப்பதற்கு முன்னால் அவர் காபி குடிக்கிறவரா என்றுதான் கேட்கிறேன்.