நாலாவது ஆளாக வந்த கல்

நீங்கள் இதை நம்பவேண்டும் என்று எனக்கு ஒரு கட்டாயமும் இல்லை. வேறொருத்தி வந்து சொல்லியிருந்தால் நானே "நல்ல கதை" என்று சிரித்துவிட்டுத் தேத்தண்ணி போடப் போயிருப்பேன். நான் வரைபடம் கீறப் படித்தவள். சிட்னியில் ஒரு போக்குவரத்துக் கணிப்பு அலுவலகத்தில் வேலை. ஒரு தெருவால் எத்தனை பேர் நடந்து போகிறார்கள் என்று எண்ணி, கூட்டி, அட்டவணை போட்டு, அங்கே நடைபாதை போதுமா போதாதா என்று சொல்வதுதான் எங்கள் வேலை. எண்ண முடியாத எதிலும் எனக்கு நம்பிக்கை இருந்ததில்லை.

ஒப்ரா ஹவுஸ் திறந்து இரண்டாவது வருஷம், சுகந்தியும் அவளுடைய கணவர் யோகன் அண்ணாவும் கொழும்பிலிருந்து நியூசிலாந்துக்குப் போகிற வழியில் மூன்று நாள் என்னோடு தங்கினார்கள். சுகந்தி பள்ளிக்கூட விடுதியில் எனக்குப் பக்கத்துக் கட்டில். அப்போது அவளுக்கு மூன்று மாதம். அதற்கு முன் இரண்டு தடவை கரு தங்கவில்லை. விமானநிலையத்தில் என்னைக் கண்டதும் அவள் முதலில் சொன்னது அதுதான், சுகம் கேட்டது பிறகுதான்.

சனிக்கிழமை பகல் நடைக்கு நான் ஒரு பட்டியல் போட்டேன். எத்தனை மணிக்கு ரயில், எங்கே படிகள், எங்கே கழிப்பறை, எங்கே களைத்தால் இருக்க வாங்குப் பலகை உண்டு என்று எல்லாம் சுகந்திக்காகக் குறித்து வைத்தேன். முதலில் துறைமுகம், பிறகு ரொக்ஸ் என்கிற பழைய நகரப் பகுதி. அங்கே பெரிய பாறையொன்றைக் கைதிகள் கையாலே வெட்டத் தொடங்கி, பிறகு தெருவாக்கிய ஓர் இடம் இருக்கிறது. பக்கத்தால் கல்லுப் படிகள் மேலே ஏறும். அந்தப் படியடியில் சுகந்தி நின்றுவிட்டாள்.

"வதனி, நாங்கள் மூண்டு பேராய் வெளிக்கிட்டிட்டம்."

எங்கள் ஆட்கள் மூன்று பேராக ஒரு காரியத்துக்குப் போகமாட்டார்கள், உங்களுக்குத் தெரிந்திருக்கும். போகத்தான் வேண்டுமென்றால் ஒரு கல்லைத் துணைக்கு எடுத்துக்கொள்வார்கள், அது நாலாவது ஆள். சுகந்தி குனியப் போக, நான் தடுத்து, சுவரோரம் கிடந்த மஞ்சள் மணற்கல் ஒன்றை எடுத்தேன். ஒரு பாண் துண்டின் பருமன்.

"கல்லுக்கும் இருக்க இடம் பிடிக்கவேணுமோ தங்கச்சி?" என்றார் யோகன் அண்ணா.

"பகிடி பண்ணாதேங்கோ. வதனி, நடந்து முடிய எடுத்த இடத்திலையே வைக்கவேணும். இதை மட்டும் மறந்திடாதை."

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் அவள் கை வயிற்றில் இருந்தது, அதனால் நான் சிரிக்கவில்லை.

கல்லை இடது கையில் வைத்துக்கொண்டு நடந்தேன். பாறைவெட்டுக்குப் பக்கத்தில் எங்கள் அலுவலக டெரி மடக்குக் கதிரையில் இருந்து ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தான். வலக் கையில் பெரியவர்களுக்கு ஓர் எண்ணும் கருவி, இடக் கையில் பிள்ளைகளுக்கு இன்னொன்று, ஆளுக்கொரு அமத்து. இரண்டு கையும் வேலையாக இருந்ததால் தலையை ஆட்டினான். அன்றைக்கு வெயிலும் இதமாக, கடற்காற்றும் அளவாக, எனக்கு ஊரைவிட்டு வந்தபின் அப்படியொரு நிறைவான நாள் வாய்க்கவில்லை. ஏனோ நான்தான் பிந்திப் பிந்தி நடந்தேன். சுகந்தி முன்னால் போய் நின்று, "என்னடி, பிள்ளைத்தாச்சி நானோ நீயோ?" என்று நக்கலடித்தாள்.

தேநீர்க் கடையில் கல்லைப் பைக்குள் போட்டுப் பையைப் பக்கத்துக் கதிரையில் வைத்தேன். கடைக்காரி மூன்று தேத்தண்ணியோடு, நாங்கள் கேட்காத ஒரு லெமனேட்டும் கொண்டுவந்து, ஸ்ட்ரோவும் போட்டு, அந்தக் கதிரைக்கு நேரே வைத்துவிட்டுப் போனாள். வேறு மேசைக்கு உரியது என்று நினைத்தேன். நான் கூப்பிடுவதற்குள் சுகந்தி எடுத்துக் குடித்துவிட்டாள். புளிப்பு அவளுக்கு அந்த நேரத்தில் அமிர்தம்.

வேறு வழியால் இறங்கி ரயில் பிடித்தோம். கல்லை நான் மறந்தே போனேன். மறுநாள் விமானநிலையத்தில், உள்ளே போகும் வாசலில் சுகந்தி திரும்பி என் கையைப் பிடித்தாள்.

"கல்லை வைச்சிட்டியெல்லே?"

கல் என் தோள் பைக்குள் கிடந்தது. "ஓம், அப்பவே வைச்சிட்டன்," என்றேன். அவள் முகம் தெளிந்தது. அந்தத் தெளிவைப் பார்த்தபின் உண்மையைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

திங்கட்கிழமை டெரியின் தாள்களைக் கூட்டுவது என் முறை. கால் மணிக்கு ஒரு வரி. நாங்கள் போன நேரத்துக்குரிய வரியில், பிள்ளைகளுக்கான நிரலில் ஒன்று. அதற்கு முன்னும் பின்னும் நெடுக வெறும் பூச்சியங்கள். பிழையோ என்று கேட்டேன்.

"ஏன் பிழை? உன் சிநேகிதியின் பிள்ளைதானே?" என்றான் டெரி. "உன் இடது கையைப் பிடித்துக்கொண்டு வந்ததே. வெறுங்காலோடு நடக்க விட்டிருக்கிறீர்கள், அந்தக் கல்லுத் தெருவில்."

டெரி பகிடி விடுகிற ஆள் இல்லை. நான் கல் எடுத்த கதையும் அவனுக்குத் தெரியாது. நம்பினால் நம்புங்கள், அன்றைக்கு நான் அந்த நிரலை ஐந்து தரம் கூட்டினேன். பயந்தது எனக்காக இல்லை. நடந்து முடிந்தும் துணையைத் திருப்பிக் கொண்டுபோய் விடாமல், சுகந்தியிடம் பொய்யும் சொல்லி அனுப்பியிருக்கிறேன் என்பதுதான் நெஞ்சைக் குடைந்தது.

அடுத்த நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனேன். படியடியில், எடுத்த அதே இடத்தில் கல்லை வைத்தேன். துணைக்கு வந்ததற்கு நன்றி என்று மனதுக்குள் சொன்னேன். திரும்பும்போது வாய் தன்பாட்டில் சொல்லிவிட்டது: "போட்டு வாறன்."

எந்த வாசலிலும் நாங்கள் போய்விட்டு வருகிறேன் என்றுதானே சொல்லுவோம். 'போறன்' என்று சொல்ல எங்களுக்கு நாக்கு வராது. தெருவின் பாதியில்தான் எனக்கு உறைத்தது, வருவேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். திரும்பிப் பார்க்கவில்லை. சனிக்கிழமைபோல மெல்ல நடக்கவேண்டும்போலவும் அன்று இருக்கவில்லை.

சுகந்திக்கு மாதம் நிறைந்து, சுகமாக ஒரு பெண் பிள்ளை பிறந்தது. படத்தில் யோகன் அண்ணாவின் அதே நெற்றி. அதைக் கண்ட அன்று நான் அலுவலகத்தில் எல்லாருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தேன், டெரிக்கு இரண்டு துண்டு. பொய் சொன்னதைக் கடிதத்தில் சுகந்திக்கு எழுதினேன். "போடி விசரி, வைச்சிட்டாய்தானே," என்று பதில் போட்டாள்.

போன கிழமை அவளுடைய அடுத்த கடிதம் வந்தது. மார்கழியில் வருகிறார்களாம். அதே வழியால் நடக்கவேண்டுமாம். "இந்த முறை நாங்கள் நாலு பேர், கல் தேவையில்லை," என்று எழுதி அடியில் கோடும் போட்டிருக்கிறாள்.

பட்டியல் போட்டுவிட்டேன். ரயில், வாங்கு, கழிப்பறை, பிள்ளைக்குப் பால் சுடவைக்க ஓர் இடம், எல்லாம் இருக்கிறது. பட்டியலில் தேநீர்க் கடை என்பதற்கு நேரே, எத்தனை பேர் என்கிற இடத்தை மட்டும் இன்னும் நிரப்பவில்லை.