மூன்றாவது கூண்டு முட்டை

நான் பொய் சொல்வேன். பொழுது போகாதபோது சொல்வேன், எதிரில் இருப்பவர் முகம் கோணுவதைப் பார்க்கச் சொல்வேன். புதுச்சத்திரம் நிறுத்தத்தில் ஓடி வந்து மூச்சு வாங்கும் ஆளிடம், பஸ் இப்போதுதான் போனது என்று கூசாமல் சொல்லியிருக்கிறேன். அவர் திட்டி முடிப்பதற்குள் பஸ் வந்துவிடும். ஆனால் அஸ்தம்பட்டியில் ஒரு வேப்பமர நிழலில், பைக் மேல் உட்கார்ந்தபடி, என் பெரியப்பா மகனுக்கு நான் அனுப்பிய மூன்று சொல்லில் பொய் இல்லை. அதை நம்பியவர்தான் யாரும் இல்லை.

நான் முட்டைக்கோழிப் பண்ணையில் வேலை செய்கிறேன். பத்தாம் வகுப்பில் இரண்டு பாடம் போனது. மறுபடி எழுதினேன், அதே இரண்டும் போனது. மூன்றாவது முறை பரீட்சைக்குக் கிளம்பியவன் பாதி வழியில் திரும்பிப் பண்ணைக்குப் போய்விட்டேன். முன்பு தாளில் வாங்கிய முட்டையை இப்போது தட்டில் வாங்குகிறேன் என்று நானே சொல்லிக்கொள்வேன். மற்றவர்கள் சொல்வதற்கு முன்னால் நாம் சொல்லிவிட்டால் பாதி வலி போய்விடும்.

பண்ணையைப் பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். நடுவில் நீளமாக நடைபாதை, இரண்டு பக்கமும் கம்பிக் கூண்டுகள். கூண்டின் அடிக்கம்பி முன்பக்கமாகச் சரிந்திருக்கும். கோழி முட்டையிட்டால் அது கோழிக்கு அடியில் நிற்காது. உருண்டு வந்து, கூண்டுக்கு வெளியே நீட்டியிருக்கும் கம்பி விளிம்பில் ஒதுங்கிக்கொள்ளும். நாங்கள் கூண்டுக்குள் கை விடுவதே இல்லை. வெளியே நடந்துகொண்டே பொறுக்கி அட்டைத் தட்டில் அடுக்குவோம். என் அம்மாவும் அதே ஷெட்டில் எதிர் வரிசையில் பொறுக்குகிறாள்.

பெரியப்பா மகன் என்னைவிட நான்கு வயது மூத்தவன். நேரில் ‘வாங்க, போங்க’தான், எழுதும்போது அவன் என்றே வருகிறது. இன்ஜினியரிங் முடித்து மூன்று வருடமாக வீட்டில் இருந்தான். அவன் அறையில் நல்ல கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. சாயங்காலம் வேலை முடிந்ததும் நான் அங்கே போவேன். குளித்துவிட்டுத்தான் போவேன். குளித்தாலும் எனக்கென்று ஒரு நாற்காலி தனியாக உண்டு. அதன்மேல் தீவனச் சாக்கு ஒன்றை மடித்து விரித்திருப்பான்.

“தப்பா எடுத்துக்காதடா, குஷன் வீணாப் போயிரும்” என்பான்.

நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை என்று காட்டுவதற்காக ஒருநாள் கொக்கொக் என்று கத்திக்கொண்டே அதன்மேல் அடைகாத்தேன். பெரியம்மாகூடச் சிரித்தாள். சாக்கு மட்டும் அங்கேயேதான் இருந்தது.

நாங்கள் விளையாடியது துப்பாக்கி விளையாட்டு. இடிந்துபோன ஊர் ஒன்றில் ஒற்றை ஆள் சண்டை போட்டுக்கொண்டு போவான். அவன் கண்ணாலேதான் நாமும் பார்ப்போம். திரையில் இரண்டு கையும் துப்பாக்கியும் மட்டும் தெரியும். சண்டை ஒரு பக்கம். இன்னொரு பக்கம், ஊர் முழுக்கச் சின்னச் சின்னப் பித்தளைப் பொம்மைகளை ஒளித்து வைத்திருப்பார்கள். துப்பாக்கிக்குப் புதிதாக மாட்டுகிற அப்கிரேடு பெட்டிகளும் அப்படித்தான், ஏதாவது சந்து பொந்தில் இருக்கும். அத்தனையும் எடுத்தால்தான் விளையாட்டு முழுசாக முடிந்ததாகக் கணக்கு.

அண்ணன் சுடுவதில் கெட்டிக்காரன். தலையைத் தூக்கியவன் தலை இருக்காது. ஆனால் ஒளித்து வைத்ததை அவனால் கண்டுபிடிக்க முடியாது. எனக்குச் சுட வராது, குறி தப்பிவிடும். பொருள் மட்டும் கண்ணில் படும். இதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. ஒளித்து வைத்தவனுக்கு அது கடைசிவரை ஒளிந்தே இருக்க வேண்டும் என்று ஆசை கிடையாது. எங்கேயாவது ஒரு சரிவு வைத்திருப்பான், நம் கண் தானாக உருண்டு போகிற மாதிரி. யாரும் போகாத சந்தில் ஒரு விளக்கு எரியும். எல்லாச் சுவரும் காய்ந்திருக்க ஒன்று மட்டும் ஈரமாக இருக்கும்.

“அங்க எதுக்குங்ணா பல்பு எரியுது? ஊரே செத்துக் கெடக்குது, கரண்ட்டு பில்லு யாருங்ணா கட்டறது?” என்பேன். அவன் போய்ப் பார்ப்பான். பொம்மை இருக்கும்.

கீழே இங்கிலீஷில் ஏதோ எழுத்து வரும். அண்ணன் அதைக் கலெக்டபிள் என்று படிப்பான். கலெக்டருக்கு அதில் என்ன வேலை என்று கேட்டுவிட்டு, நான் என் பாட்டுக்கு அதை முட்டை என்றேன். எனக்குத் தெரிந்த பொறுக்கல் முட்டை ஒன்றுதான். “முட்டைங்ணா, பொறுக்குங்க” என்பேன். அப்கிரேடு பெட்டி கிடைத்தால் டபுள் கரு.

இதற்கிடையில் என் புத்தி சும்மா இருக்குமா? ஒருநாள் பாலத்துக்கு அடியில் முட்டை இருக்கிறது, குதியுங்கள் என்றேன். குதித்தான், செத்தான். கொஞ்சம் இடப்பக்கமாகக் குதிக்க வேண்டும் என்றேன். மறுபடி செத்தான். ஓடி வந்து குதித்தால்தான் எட்டும் என்றேன். மூன்றாவது முறையும் செத்த பிறகு என் முகத்தைத் திரும்பிப் பார்த்தான். நான் சாக்கோடு சேர்ந்து கீழே விழுந்து சிரித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அவனும் சிரித்தான்.

அப்புறம் அவன் சேனல் ஆரம்பித்தான். ஒளிந்திருக்கிறதையெல்லாம் எப்படி எடுப்பது என்று தமிழில் சொல்லிக்கொடுக்கிற வீடியோக்கள். முதல் நாள் பூராவும் நான் தேடிக் காட்டுவேன். மறுநாள் அவன் நேராக நடந்துபோய் எடுத்துப் பேசுவான். அவன் பேசும்போது நான் வாயைத் திறக்கக் கூடாது.

“உம்பட பேச்சக் கேட்டா, நாம கோழிப்பண்ணைல உக்காந்து வெளையாடறோம்னு நெனச்சுக்குவாங்கடா.”

“நெனச்சா என்னுங்ணா. பாதிப்பேரு அங்கதானுங்களே இருக்கறோம்.”

ஒரு வீடியோவில் மட்டும் என் குரல் தெரியாமல் விழுந்துவிட்டது. அவன் ஒரு பெட்டியைத் தாண்டிப் போகிறான். மனசு பொறுக்காமல் நான் பின்னாலிருந்து “முட்டையப் பொறுக்கீட்டுப் போங்க சாமி” என்றேன். அவன் கவனிக்காமல் அதைப் போட்டுவிட்டான். அதுவரை பத்துப் பேர் பார்த்த சேனல். அந்த வீடியோவுக்குக் கீழே மட்டும் கூட்டம். யாருங்க அந்த முட்டைக்காரர், அவரைப் பேசச் சொல்லுங்க என்று எழுதியிருந்தார்கள். நான் ஒவ்வொன்றையும் எழுத்துக்கூட்டி இரண்டு தடவை படித்தேன். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு அவ்வளவு படித்தது அன்றுதான்.

அடுத்த வீடியோவில் அண்ணனே ஆரம்பித்தான்: “வாங்க சாமி, முட்டை பொறுக்கலாம்.” இங்கே பிறந்தவன்தான், ஆனாலும் மைக் முன்னால் அவன் எங்கள் பேச்சைப் பேசி அதுவரை நான் கேட்டதில்லை. ‘ங்க’வைத் தேவைக்கு மேல் இழுத்து, சர்க்கரை கூடிப்போன டீ மாதிரிப் பேசினான். என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு வீடியோவும் அப்படித்தான் ஆரம்பித்தது. என் சாக்கு மைக்கிலிருந்து இன்னும் கொஞ்சம் தூரம் தள்ளிப் போடப்பட்டது.

அஸ்தம்பட்டியிலிருந்து போன் வந்தபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். வெளிவருவதற்கு முன்னால் விளையாட்டுகளை ஆடிப் பார்த்துக் குறை சொல்கிற வேலை. மாடியில் சின்ன ஆபீஸ். சேனலைப் பார்த்தோம், இதையெல்லாம் யார் கண்டுபிடிக்கிறது என்று ஸ்பீக்கரில் ஒரு குரல் கேட்டது. அண்ணன் என்னைப் பார்த்தான். பிறகு ஸ்பீக்கரை அணைத்துப் போனைக் காதில் வைத்தான்.

“நான்தானுங்க.”

பேசி முடித்த பிறகு வெகுநேரம் மௌஸைத் துடைத்துக்கொண்டே இருந்தான். அப்புறம் சொன்னான்: “கோவிச்சுக்காத சாமி. ரெண்டு பேருன்னா ரெண்டு பேரும் வேண்டாம்னுருவாங்க. நான் மொதல்ல உள்ள போயிர்றேன். அப்பறம் உன்னைய உள்ள இழுத்துக்கறேன்.”

நான் நம்பினேன். நம்பாமல் வேறு என்ன செய்வது? ஏசி அறையில், சாக்கு விரிக்காத நாற்காலியில் உட்கார்ந்து, எங்கே பல்பு எரிகிறது என்று பார்க்கிற வேலைக்குச் சம்பளம் தருகிறார்கள். அம்மாவிடம்கூடச் சொல்லிவிட்டேன், இன்னும் ஒரு வருடம்தான் இந்த நாற்றம் என்று. அவள் தட்டை அடுக்கிக்கொண்டே சரி சரி என்றாள். நான் சொல்கிற எல்லாவற்றுக்கும் அவள் அப்படித்தான் சொல்வாள்.

இன்டர்வியூவுக்குப் போகும் நாளில் நான்தான் பைக் ஓட்டினேன். அவர்கள் ஒரு விளையாட்டைக் கொடுத்து அரை மணி நேரத்தில் மூன்று பொருள் எடுக்கச் சொல்வார்கள் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். முடியாவிட்டால் மேசை விளிம்பில் போனை மறைத்துவைத்துத் திரையைப் படம் பிடித்து எனக்கு அனுப்புவதாக ஏற்பாடு. அவன் மாடி ஏறினான். நான் வேப்பமரத்தடியில் நிறுத்தினேன்.

முதல் பொருளை அவனே எடுத்துவிட்டான். இரண்டாவதுக்குப் படம் வந்தது. மாடிப்படி. பின்சுவரில் ஈரம் இருக்கிறது, சுடுங்கள் என்று எழுதினேன். கிடைத்தது என்று கட்டைவிரல் குறி வந்தது. அப்புறம் மூன்றாவதுக்குப் படம்.

அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. ஜெயில். நடுவில் நீள நடை, இரண்டு பக்கமும் வரிசையாகக் கம்பிக் கூண்டுகள். கோழி மட்டும்தான் இல்லை. கூண்டுகளுக்கு முன்னால் நடையோரமாக ஒரு பள்ள வாய்க்கால். மூன்றாவது கூண்டுக்கு மேல் மட்டும் விளக்கு. அதற்கு நேர் கீழே, வாய்க்கால் விளிம்பில், நகக்கண் அளவு ஏதோ மின்னியது. எங்கள் ஷெட்டில் என் வரிசையைப் பார்க்கிற மாதிரியே இருந்தது. கை தானாக எழுதியது:

“மூணாவது கூண்டு முட்டைங்ணா.”

இரண்டு நீலக் கோடு விழுந்தது. படித்துவிட்டான். இனிக் குனிந்து பொறுக்க வேண்டியதுதான் பாக்கி. நான் போனைப் பையில் போட்டுவிட்டு, எதிர்க்கடையில் கரும்புச்சாறு குடித்தேன். வருகிற போகிற இரண்டு சக்கர வண்டிகளையெல்லாம் பார்த்து, இந்த ரோட்டில் தினமும் வருவதற்கு எனக்கு எந்த வண்டி பொருந்தும் என்று யோசித்தேன்.

அவன் இறங்கி வந்த நடையிலேயே தெரிந்துவிட்டது. பக்கத்தில் வந்து போனை என் நெஞ்சுக்கு நேராக நீட்டினான். விளையாட்டில் அந்தக் கூண்டுக்குள் போயிருக்கிறான். கட்டிலைப் புரட்டியிருக்கிறான், சுவர் பூராவும் சுட்டிருக்கிறான், நேரம் முடிகிறவரை உள்ளேயேதான் இருந்திருக்கிறான். கடைசியில் அங்கிருந்த ஆள் வந்து பார்த்துவிட்டு, வாசலிலேயே இருந்ததே, மிதித்துக்கொண்டுதானே உள்ளே போனீர்கள் என்றாராம்.

“உள்ள இருக்குதுன்னு சொன்னியேடா.”

“உள்ளன்னு எங்கங்ணா சொன்னேன்? கூண்டு முட்டைன்னேன். கூண்டு முட்டை எங்கங்ணா கூண்டுக்குள்ள இருக்கும்?”

“பின்ன கோழி எங்கடா முட்டை போடும், ரோட்டுலயா?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் செய்த தப்பு அதுதான். அத்தனை வீடியோவில் முட்டை முட்டை என்று சொன்னவனுக்கு, முட்டை எங்கே வந்து நிற்கும் என்று தெரியவில்லை. ஊரைச் சுற்றி இத்தனை பண்ணை இருந்தும் ஒன்றின் வாசலைக்கூட அவன் மிதித்ததில்லை, நாற்றம் என்று. அதை நினைத்துத்தான் சிரித்தேன். அவன் பார்த்தது, அன்று பாலத்தில் குதிக்கவைத்துச் சிரித்த அதே முகத்தை.

“மூணு தடவ பாலத்துல தள்ளி உட்டயல்ல. இது நாலாவது” என்றான். சத்தம் போடவில்லை. நான் வண்டியை எடுப்பதற்குள் ரோட்டைத் தாண்டிப் போய்ப் பஸ் ஏறிவிட்டான்.

சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போனேன். பெரியம்மா வாசலிலேயே நின்றாள். “ஏஞ்சாமி, இத்தன நாளும் வெளையாட்டுப் பையன்னு பொறுத்துக்கிட்டோம். அவம் பொழப்புலயுமா வெளையாடுவ?” என்று கேட்டாள். கூண்டின் அடிக்கம்பி சரிவாக இருக்கும், முட்டை வெளியே உருண்டு வந்துவிடும் என்று சொல்ல ஆரம்பித்தேன். சொல்லச் சொல்ல எனக்கே அது அப்போது கட்டிய கதை மாதிரிக் கேட்டது. பாதியில் நிறுத்திக்கொண்டேன். அறைக் கதவு சாத்தியிருந்தது. என் சாக்கு மடித்தபடியே வாசல் கொடியில் கிடந்தது.

அம்மா ஒருத்திக்காவது புரியும் என்று நினைத்தேன். மறுநாள் ஷெட்டில், எதிர் வரிசையில் பொறுக்கிக்கொண்டிருந்தவளிடம் கேட்டேன்: மூணாவது கூண்டு முட்டை என்றால் எங்கே பார்ப்பாய்? அவள் தலையைத் திருப்பாமலே கையை நீட்டினாள். மூன்றாவது கூண்டுக்கு முன்னால், விளிம்பில் கிடந்த முட்டைமேல் விரல் போய் நின்றது. எனக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. நடந்ததை முழுக்கச் சொன்னேன்.

அவள் தட்டை நிறைத்து ஓரமாக வைத்தாள். பிறகு சொன்னாள்: “அது நமக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாதுன்னு உனக்குத் தெரியுமல்ல?”

தெரியுமா? இன்றைக்கும் அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன். நீலக் கோடு விழுந்த நேரத்தில், அவன் எங்கே போய்த் தேடுவான் என்று எனக்குள் ஒரு மூலையில் தெரிந்திருந்ததா? விளையாட்டில் எந்தச் சந்திலும் பல்பைப் பார்த்துவிடுகிறவன் நான். என்னுடைய இந்தச் சந்தில் மட்டும் ஒரு வெளிச்சமும் இல்லை. தெரியாது என்று சத்தியம் செய்யலாம். என் சத்தியத்தை என்னைத் தெரிந்த எவன் வாங்குவான், நான் உட்பட?

அண்ணனுக்கு எங்கள் கூண்டைப் படம் எடுத்து அனுப்பினேன். முன்விளிம்பில் நான்கு முட்டை வரிசையாக நிற்கிறது. நீலக் கோடு விழுந்தது. அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை.

போன வாரம் புதிய வீடியோ போட்டிருந்தான். சாப்பாட்டு நேரத்தில் ஷெட்டுக்கு வெளியே உட்கார்ந்து பார்த்தேன். “வணக்கம் நண்பர்களே, இன்றைக்கு நாம் கலெக்டபிள்ஸ் பார்க்கலாம்” என்று ஆரம்பித்தான். முட்டை இல்லை, சாமி இல்லை, ஒரு ‘ங்க’கூட இல்லை. என் சொல்லை எனக்கே திருப்பிக் கொடுத்துவிட்டான். அதை வைத்துக்கொண்டு இனி யாரிடம் பேசுவது?

வீடியோவின் நடுவில் ஓர் இடிந்த தெருவைத் தாண்டிப் போகிறான். இடதுகைப் பக்கம் சந்துக்குள் ஒரு விளக்கு எரிகிறது. அவன் திரும்பவில்லை. கீழே எழுதலாம் என்று ‘இடதுபக்கம்’ வரை அடித்தேன். எழுதினாலும் மறுபடி பாலத்திலிருந்து குதிக்கச் சொல்கிறேன் என்றுதான் நினைப்பான். அழித்துவிட்டு, மத்தியானப் பொறுக்கலுக்கு உள்ளே போனேன்.