மலிவான ரிவோல்வர் பார்க்கப் போன சனிக்கிழமை

என் மனுசனுக்கு இரண்டு வருடம் நான் பொய் சொன்னேன் என்று யாராவது சொன்னால் எனக்குப் பொல்லாத கோபம் வரும். பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் "ஹாலுக்குப் போறன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். ஹாலுக்குத்தான் போனேன். டென்மார்க்கில், விபோர்க் நகரத்தில் எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் பத்து நிமிடம். மேல்மாடியில் பெண்கள் கையைக் காலை நீட்டி உடற்பயிற்சி செய்வார்கள். கீழே, நிலவறையில், துப்பாக்கி சுடுகிற சங்கம். நான் படியேறாமல் படியிறங்கினேன். அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

முதியோர் இல்லத்தில் என்னோடு வேலை செய்யும் டெனிஷ்காரி ஒருத்திதான் விளையாட்டாகக் கூட்டிக்கொண்டு போனாள். முதல் நாள் பத்து வெடியில் ஒன்பது குறிவைத்த தாளிலேயே படவில்லை. 'உனக்கேனடி இந்தத் தேவையில்லாத வேலை' என்று என்னையே திட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அடுத்த செவ்வாய் பார்த்தால் திரும்பவும் அங்கே நிற்கிறேன்.

இவருக்கு ஏன் சொல்லவில்லை? யாழ்ப்பாணத்தில் பத்தொன்பது வயதில் இவரை இராணுவச் சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போனார்கள். பதினொரு நாள். அங்கே என்ன நடந்தது என்று என்னிடம்கூட வாய் திறந்ததில்லை. தொலைக்காட்சியில் ஒருவன் துவக்கைத் தூக்கினால் போதும், ரிமோட்டைத் தேடுவார். அப்படிப்பட்ட மனுசன் படுத்தெழும்புகிற வீட்டுக்குள் ஒரு துவக்கைக் கொண்டுவர எனக்கு ஆசை வந்துவிட்டது.

சங்கத்து ரிவோல்வர் பொதுச் சாமான். ஒரு கிழமை ஒருத்தன் குறிபார்க்கும் முனையைத் தன் கண்ணுக்குத் திருப்பிவிட்டுப் போவான், அடுத்த கிழமை நான் அதோடு மல்லுக்கட்ட வேண்டும். இரண்டு வருடம் ஒழுங்காகப் போய்வந்ததால் சொந்தமாக ஒன்று வைத்திருக்க இப்போது நான் விண்ணப்பிக்கலாம். முதலில் கடையில் துவக்கைத் தெரிவுசெய்து அதன் இலக்கத்தைப் படிவத்தில் எழுத வேண்டும். சங்கம் கையெழுத்து வைக்கும், பொலிஸ் விசாரித்து அனுமதி தரும். பிறகு வீட்டில் இரும்புப் பெட்டி வாங்கிப் பூட்டி வைக்க வேண்டும். எங்கள் மூன்று அறை வீட்டில் இரும்புப் பெட்டியை எங்கே ஒளிக்கிறது? சாமிப் படங்களுக்குப் பின்னால் வைத்தாலும் தெரியும்.

சொல்லத்தான் வேண்டும். அதற்கு நான் ஒரு கெட்டித்தனம் செய்தேன். எங்கள் வீட்டில் சோறு காய்ச்சுகிற பானை வாங்குவதென்றாலும் இரண்டு பேரும் போய்த் தட்டிப் பார்த்துத்தான் வாங்குவோம். ஆகவே ஒரு சனிக்கிழமை காலை, "ஒரு சாமான் பார்க்க வேணும், வாங்கோ" என்று கூட்டிக்கொண்டு போனேன். தையல் மெஷின் என்று நினைத்திருப்பார். எங்கள் ஆட்கள் அந்நியனுக்கு முன்னால் மனைவியோடு சத்தம் போடமாட்டார்கள். கடைக்காரனுக்கு முன்னால் விசயம் தெரிந்தால் வாயை மூடிக்கொண்டு நிற்பார், வீட்டுக்கு வருவதற்குள் சூடு ஆறிவிடும் என்பது என் கணக்கு. எவ்வளவு மடைத்தனம்!

கடை முன்பக்கத்தில் மீன்தூண்டிலும் மழைச்சட்டையும் தொங்கின. அவர் ஒரு சட்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டு என் பின்னால் வந்தார். உள்ளே கடைக்காரன் மேசையில் ஒரு பாயை விரித்து, இருபத்திரண்டு ரக ரிவோல்வர் மூன்றை வரிசையாக வைத்தான்.

முதலாவது புதுசு, மலிவு, சங்கத்தில் பாதிப் பேர் வாங்கச் சொன்னது. தூக்கினால் பாரமே இல்லை. விசையோ கல்லுப்போல. இழுக்கும்போது குழல் முனை வலப்பக்கம் ஓடியது. இரண்டாவது நல்லதுதான், ஆனால் அந்த விலைக்கு யாழ்ப்பாணம் போய்வரலாம். மூன்றாவது பழசு. முழு இரும்பு, மரப்பிடியில் பொலிஷ் போய்விட்டது, விலை புதுசைவிடவும் குறைவு. உருளையைத் திறந்து ஆறு ஓட்டையும் வெறுமை என்று பார்த்தேன். சுத்தியலைப் பின்னுக்கு இழுத்து, விரலால் உருளையை ஆட்டினேன். அசையவில்லை. அது அசைந்தால் ஓட்டை குழலுக்கு நேரே வராது, ஈயத்தூள் தெறிக்கும். குறிமுனையை நாங்களே திருத்தலாம். பிடி என் உள்ளங்கைக்கென்றே செய்ததுபோல் இருந்தது. ஐயோ, எனக்கு வந்த சந்தோசம்! பக்கத்தில் ஒரு மனுசன் நிற்கிறார் என்பதையே மறந்துபோனேன்.

"இதுதான்" என்று திரும்பினேன்.

அவர் நிமிர்ந்து நின்றார். கண் கடைக்காரனின் முகத்தில். வலக்கையை நீட்டிப் பிடித்திருந்தார். அதில் அவருடைய மஞ்சள் அட்டை, டொக்டரிடம் காட்டுவதற்கு இங்கே எல்லோரும் பேர்ஸில் வைத்திருக்கும் அந்தப் பெயரும் விலாசமும் இலக்கமும் போட்ட அட்டை. எழுத்துப் பக்கம் கடைக்காரனைப் பார்க்கும்படி, இரண்டு விரலால் நுனியில் பிடித்திருந்தார்.

கடைக்காரன் சிரித்தான். "உங்களுடையது வேண்டாம். விண்ணப்பிப்பது உங்கள் மனைவிதானே."

அவர் கை இறங்கவில்லை.

ஊரில் துவக்கைக் கண்டால் முதலில் அடையாள அட்டையைத்தான் எடுப்போம். யாரும் கேட்கும்வரை காத்திருக்கமாட்டோம். அதை வீட்டில் மறந்துவிட்டுப் போனவன் திரும்பி வராமலும் போகலாம். முப்பது வருடத்துக்கு மேலாகியும் அந்தக் கை இவரைக் கேட்காமல் தானாகப் போயிருக்கிறது.

ரிவோல்வரைக் கீழே வைத்துவிட்டு அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். "இஞ்சாருங்கோ, அட்டையை உள்ளுக்கு வையுங்கோ."

அவர் குனிந்து தன் கையைப் பார்த்தார். "இதை எப்ப எடுத்தனான்?"

கடைக்காரன் பேனையோடு நின்றான். "இலக்கத்தை எழுதட்டுமா?" "இன்றைக்கு வேண்டாம்" என்றேன்.

காரில் ஏறி இருந்தும் அவர் திறப்பைப் போட்டு இஞ்சினைக் கிளப்பவில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன், செவ்வாய்க்கிழமை, நிலவறை, எல்லாம். "ரெண்டு வருசமா எக்சசைஸ் செய்தும் மனுசி மெலியேல்லையே எண்டு யோசிச்சனான்" என்றார். நான் சிரிக்க, சிரிப்பு அழுகையாகிவிட்டது.

"ஏனப்பா உமக்கு அது?" என்று கேட்டார்.

"எங்களை நோக்கித்தானே எல்லாரும் துவக்கைப் பிடிச்சவங்கள். ஒருக்காலெண்டாலும் பிடிக்கிற பக்கம் நான் நிண்டு பார்க்க வேணும் போல கிடந்தது. முன்னுக்கு ஒரு மனுசரும் இல்லை. வெறும் கடதாசி."

"கடதாசி மட்டும்தானோ?"

"சத்தியமா."

அடுத்த செவ்வாய், நான் சைக்கிளை எடுக்க, "நில்லும், நானும் வாறன்" என்றார். ஹாலில், கீழே இறங்கும் படிக்கு முன்னால் நின்று, மஞ்சள் அட்டையை எடுத்து என்னிடம் நீட்டினார். "இதை நீர் வைச்சிரும். என்ர கை சொல்வழி கேக்காது."

கண்ணாடிச் சுவருக்குப் பின்னால், காதுக்கு மூடி போட்டுக்கொண்டு, கதிரையில் இருந்தார். நான் சங்கத்துப் பழைய ரிவோல்வரை எடுத்தேன். முதல் வெடிக்குத் திரும்பிப் பார்த்தேன். அவர் கை சட்டைப் பைக்குப் போய் வெறுமையாக வந்தது. இரண்டாவதற்கும் போனது. பிறகு நான் பார்க்கவில்லை. ஆறையும் முடித்து, உருளையைத் திறந்து வைத்துவிட்டு வெளியே வந்தேன். இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து, அதன்மேல் இருந்தார். முகம் வேர்த்திருந்தது.

"இவ்வளவும் காணும், வாங்கோ வீட்டை போவம்" என்றேன்.

"ஏன், குண்டுப் பெட்டியில இன்னும் கிடக்குதெல்லே? முடிச்சுப்போட்டு வாரும்" என்றார். கையை மட்டும் வெளியே எடுக்கவில்லை.