ஊதா நிறத்தில் ஒரு வயல்

நாகூர் ஜெக்கரியா பாய் ஓமான் பாலைவனத்தில் என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டால், அவர் மனைவி கமருன்னிஸா ஒரே வரியில் முடித்துவிடுவார்: "கல்லுக்குச் சாட்சி சொல்றார்."

அது பொய்யில்லை. செயற்கைக்கோள் வானத்திலிருந்து பாலைவனத்தைப் படம் எடுக்கும். கம்ப்யூட்டர் அந்தப் படத்தில் பாறைக்குப் பாறை ஒரு நிறம் பூசும். பாய் ஜீப்பில் போய் அந்த இடத்தில் நின்று, சுத்தியலால் தட்டிப் பார்த்து, இது செம்பு, இது சுண்ணாம்பு என்று குறித்துக் கொடுப்பார். அவர் குறித்ததைத்தான் மெஷின் பாடமாகப் படிக்கும். அடுத்த மலையில் அதே நிறத்தைக் கண்டால் யாரையும் கேட்காமல் அதே பெயரைச் சொல்லும். அதனால் பாய் மறந்தும் பொய் குறித்ததில்லை.

மெஷினுக்கு இன்னொரு குணம் உண்டு. பச்சை மூடியிருந்தால் மண் தெரியாது என்பதால், பயிர் பச்சையை எல்லாம் முதலில் கறுப்பாக அழித்துவிடும். ஒரு வெள்ளிக்கிழமை ஓய்வில் இன்ஜினியர் விளையாட்டாக நம் டெல்டாவைப் போட்டுக் காட்டினார். திருவையாற்றிலிருந்து கடல்வரை ஒரே கறுப்பு.

"உங்க ஊரையே காணோமே, பாய்," என்றார்.

பாய் சிரித்தார். ஆள வந்தவர்களுக்கே எங்கள் ஊர் அப்படித்தான் தெரிந்தது. மெஷினைக் கோபித்து என்ன செய்ய?

விடுமுறைக்கு வருகிறவர்கள் தங்கம் கொண்டுவருவார்கள். பாய் ஒரு கல் கொண்டுவந்தார். படத்தில் ஊதாவாகத் தெரிந்த ஒரு மொட்டை மலையில் எடுத்தது. அந்த மலையில் புல் கிடையாது, பறவை கிடையாது. காற்றுகூடச் சத்தமில்லாமல் போகுமாம். ஆடு மேய்ப்பவர்கள் அதைச் சுற்றிக்கொண்டுதான் போவார்கள்.

நம் பக்கம் கல்லுக்குப் பஞ்சம். தோண்டினால் களிமண், அதற்குக் கீழே இன்னும் களிமண். பாயின் வயலைக் குத்தகைக்குப் பார்த்த சிவசாமி அந்தக் கல்லைக் கேட்டு வாங்கிப்போய், பக்கத்து வயல்காரர் வருஷா வருஷம் வரப்பைச் சீவிக்கொண்டிருந்த மூலையில் நட்டார். அவர் மனைவி எல்லையம்மாள் மஞ்சள் பூசினாள். அடுத்த தைக்குள் கல் சாமியாகிவிட்டது. எங்கள் ஊரில் சாமியாவதற்கு நகராமல் இருந்தால் போதும். கட்சியில் தலைவராவதற்கும் அதுதான் தகுதி. வரப்புச் சீவல் அதோடு நின்றது.

பாய் ஊரோடு வந்துவிட்ட பிறகு ஒரு வருஷம், மேட்டூரில் தண்ணீர் திறந்த செய்தி வந்தது, தண்ணீர் வரவில்லை. மழையை நம்பி விதைத்தார்கள். வயலுக்கு அடியில் எரிவாயு தேடி ஒரு கம்பெனி வந்தது. எல்லாக் கட்சியும் எதிர்த்து ஊர்வலம் போயிற்று. அனுமதி எப்படிக் கிடைத்தது என்று அந்த எரிவாயுவுக்குத்தான் தெரியும்.

பயிர் நிற்கும் நிலத்தைத் தொடுவதில்லை, தரிசில் மட்டும் துளை போடுவது என்று கம்பெனி வாக்குக் கொடுத்திருந்தது. எது தரிசு என்பதைப் படம் சொல்லும். படம் போட்டுக் கொடுத்தவர் அதே ஓமான் இன்ஜினியர். சந்தேகமான இடங்களில் நின்று சாட்சி சொல்ல பாயைக் கூப்பிட்டுக்கொண்டார்.

படம் வந்தது. சுற்றிலும் கறுப்பு, நடுவில் ஒரே ஒரு சதுரம் ஊதா. பாயின் வயல். அந்த மொட்டை மலையின் அதே ஊதா.

"என்ன பாய், சொந்த வயலுக்கே வேவு பார்க்க வந்துட்டீங்களா," என்றார் வரப்பில் நின்ற சிவசாமி.

"படத்துல இது தரிசுன்னு இருக்கு, சிவசாமி."

"படம் எடுத்தவன் இறங்கி வந்து பார்க்கட்டும். பச்சையா நிக்குதா இல்லையா, நீங்களே சொல்லுங்க."

பச்சையாகத்தான் நின்றது. பாய் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினார். பயிருக்குள் தவளை இல்லை, கொக்கு இல்லை, ஒரு தட்டான்கூட இல்லை. காற்று அடித்தது, கதிர் சலசலக்கவில்லை. ஒரு கதிரை உருவி நெல்லை நசுக்கினார். பால் இல்லை. இன்னொன்று, அதுவும் பதர். ஒரு தூரைப் பிடித்தார். மண்ணில் வெறுமனே செருகி வைத்ததுபோல் கையோடு வந்தது. அடியில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. மூலையில் கல் மட்டும், அந்த வெயிலிலும் ஈரமாக இருந்தது.

சிவசாமி குரலைத் தாழ்த்தினார். "எனக்கும் தெரியும் பாய். நீங்க தரிசுன்னு குறிச்சா நாளைக்கே வண்டியை இறக்கிடுவான். உங்களுக்கு வீடு இருக்கு. நான் எங்க போறது?"

பாய் கல்லைப் பார்த்தார். பிறகு, வாழ்க்கையில் முதல் தடவையாக, இல்லாததைக் குறித்தார்: நெல்.

துளை போடும் வண்டி வேறு பக்கம் திரும்பிப் போயிற்று. கமருன்னிஸா தர்காவுக்குச் சர்க்கரை வாங்கிப்போனார்.

அடுத்த வருஷம் மழையும் இல்லை. வயல்கள் எல்லாம் வெடித்துக் கிடந்தன. நிவாரணம் கேட்டுப் போனவர்களிடம் அதிகாரி ஒருவர் புதுப் படத்தை எடுத்துக் காட்டினார். கடல்வரை ஒரே கறுப்பு, எல்லாம் பயிர். பக்கத்து வயல்காரர் அவரைக் கூட்டிவந்து, வெடிப்புக்குள் கையை விட்டுக் காட்டினார். முழங்கை வரைக்கும் போயிற்று. அதிகாரி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாய்க்குப் புரிந்துவிட்டது. ஊதாவை நெல் என்று மெஷினுக்குப் பாடம் சொன்னது அவர்தான். இன்ஜினியருக்குப் போன் போட்டு, அந்த மொட்டை மலையை இப்போது பார்க்கச் சொன்னார். மறுமுனையில் அவர் படத்தைத் திறந்தார்.

"மலையைக் காணோம், பாய். மெஷின் அங்க நெல்லுங்குது."

பாய் வயலுக்குப் போய்ச் சிவசாமியிடம் அதைச் சொன்னார். சிவசாமி கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, காய்ந்த மஞ்சளை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். சிரிக்கவில்லை.

"அங்க அறுப்பு எப்பன்னு கேட்டுச் சொல்லுங்க பாய்," என்றார். "இங்க வேலை இல்ல."