பாதிப் பாரசீகம்

தலவாக்கலை பஜாரில் துணிக்கடை நடத்திய இஸ்ஸதீனுக்கு, தெரியாது என்று சொல்ல மட்டும் வராது. 1957இல் ஒருநாள் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துத் துரை கடைக்கு வந்தார். ஈரானிலிருந்து தேயிலை வியாபாரி ஒருவர் வருகிறார், அவர் பாஷை தெரிந்த யாராவது உண்டா என்று விசாரித்தார்.

"பாதி தெரியுங்க தொரை" என்றார் இஸ்ஸதீன்.

மத்ரசாவில் அரபு படித்தவர் அவர். பாரசீகத்தில் பாதி அரபுதானே என்ற துணிச்சல். காரியம் நல்லபடியாக முடிந்தால், தோட்டத்து ஆட்களுக்கு அந்த வருஷக் கம்பளி முழுவதையும் அவரிடமே எடுப்பதாகத் துரை வாக்குக் கொடுத்துவிட்டுப் போனார். இஸ்ஸதீனுக்கு மூன்று மாதம் இருந்தது.

கொழும்பிலிருந்து பழைய பாரசீக இலக்கணப் புத்தகம் ஒன்றை வரவழைத்தார். முன்பாதி முழுக்க அரபுச் சொற்கள். வேர்ச்சொல்லைப் போட்டால் முறுக்கு பிழிவதுபோல் சொல் வந்து விழுந்தது. இல்ம் அறிவு, ஆலிம் அறிஞர். கத்ல் கொலை, காதில் கொலைகாரன், மக்தூல் கொல்லப்பட்டவன்.

"தண்ணிக்கு என்னண்டு சொல்றது?" என்று கேட்டார் மனைவி ஸாலிஹா.

"அது அவங்க சொந்தச் சொல்லு. பின்பாதியில இருக்கு, பொறகு பாத்துக்கலாம்."

"வாற மனுசன் கொலை செய்யவா வாறாரு, தேத்தண்ணி குடிக்கத்தானே?"

இஸ்ஸதீன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பின்பாதியைக் கடைசிவரை திறக்கவுமில்லை.

ஈரானியர் வந்தார். தொழிற்சாலை வாசலில் இஸ்ஸதீன் நீதி, அறிவு, மறுமை நாள் என்று மூச்சுவிடாமல் அடுக்கினார். யாரோ இறந்துவிட்டார்கள் போலும் என்று நினைத்த வந்தவர், தொப்பியைக் கழற்றினார். பிறகு பால் ஊற்றிய தேநீர் வந்தது. ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையை வைத்தவர், ஏதோ கேட்டபடி விரலால் பல்லைத் தொட்டுக் காட்டினார்.

"என்ன சொல்றார்?" என்றார் துரை.

மண்டையைக் குடைந்தும் ஒரு சொல்கூட அகப்படவில்லை. "பல்லு வலியாம்ங்க தொரை."

தோட்டத்து ஆஸ்பத்திரி டிஸ்பென்சர் பல் பிடுங்கும் குறட்டோடு ஓடிவந்தார். குறட்டைக் கண்டதும் ஈரானியர் சுவரோடு ஒட்டிக்கொண்டார். கம்பளி போயிற்று என்று நினைத்தார் இஸ்ஸதீன்.

கொழுந்து பறிக்கும் நாகலெட்சுமி, பறித்ததை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வெளியே குந்தியிருந்தாள். கருப்பட்டித் துண்டைப் பல்லில் கடித்தபடி தேயிலைச் சாயத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாள். ஈரானியர் அதைப் பார்த்தார். குறட்டுக்கு எட்டாமல் சுற்றிக்கொண்டு அவளிடம் ஓடி, தன் பல்லையும் அவள் கருப்பட்டியையும் காட்டினார்.

"இதுக்கா இம்புட்டுக் கூத்து? இந்தாங்க" என்று ஒரு துண்டை உடைத்துக் கொடுத்து, பாலில்லாத சாயத்தண்ணியும் ஊற்றினாள். அவரும் கருப்பட்டியைப் பல்லில் வைத்துக்கொண்டு உறிஞ்சினார். அவர் ஊரிலும் தேநீர் குடிப்பது இப்படித்தான்; முகம் மலர்ந்தது. அவளைக் காட்டித் துரையிடம் ஒரே ஒரு சொல் சொன்னார்: "மொதர்ஜெம்!"

காலையிலிருந்து இஸ்ஸதீனுக்குப் புரிந்த முதல் சொல் அது. அரபு. புரியாமலே இருந்திருக்கலாம் என்றிருந்தது.

"என்ன சொல்றார்?"

பொய் சொல்லலாம்தான். ஆனால் மூன்று மாதப் படிப்பில் கிடைத்த ஒரே சொல்லைக் கெடுக்க மனம் வரவில்லை.

"இந்தப் பொம்பளதான் மொழிபெயர்ப்பாளராம்ங்க தொரை."

துரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இது சரி. கம்பளி ஒன்கிட்டதான். ஆனா மொதக் கம்பளி இவளுக்கு சும்மா குடு."

மறுவாரம் நாகலெட்சுமி கடைக்கு வந்தாள். இஸ்ஸதீன் இருப்பதிலேயே மெல்லிசான கம்பளியை எடுத்து நீட்டினார். அவள் அதைத் தொடவேயில்லை.

"நான் பாதியா பேசுனேன், மொதலாளி?" என்று சொல்லிவிட்டு, மேல்தட்டிலிருந்த தடித்த சிவப்புக் கம்பளியைக் காட்டினாள். இஸ்ஸதீன் ஏணியை எடுத்து வைத்தார்.